பூமியைத் தட்டிக் கேட்கிறார்கள்!

ஆம்பூரில் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பெட்ரோல் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து, 'ஏலகிரி அடிவாரத்துல எண்ணெய் இருக்குதாம், அரை ஏக்கர் வாங்கிப் போடுங்க, கோடி கோடியா வரும்' என்று அட்வான்ஸ் கேட்டால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் வேண்டாம்.

இப்படி அடித்துச் சொல்ல நான் ஒன்றும் ஜியாலஜிஸ்ட் இல்லை. பி.காம். டெபிட், கிரெடிட் தவிர மற்றதெல்லாம் காதால் கேட்டதும் கண்ணால் படித்ததும்தான். என்னை இந்த விஷயத்தில் இழுத்து விட்டவர் லெதர் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பார்க்கும் நண்பர். பெட்ரோல் பங்க்கில் முந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டு, முள் நகர்ந்ததா என்று பைக்கை ஆட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

''தலைவரே, வாட்ஸ்அப்ல வந்துச்சு. தஞ்சாவூருக்குக் கீழே ஒரு சவுதி அரேபியா இருக்குதாம். சாட்டிலைட்ல பார்த்துட்டாங்களாம். எடுக்கத்தான் விட மாட்டேங்கிறாங்களாம். நிஜமா?''

சாட்டிலைட்டில் பார்க்கவில்லை. மேலே இருந்து போட்டோ எடுத்தால் வயலும் வரப்பும் தெரியும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேறு ஒரு வழி இருக்கிறது. நம் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரிந்த வழி. தேங்காய்க் கடையில் பாட்டி என்ன செய்வாள்? விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பாள். 'இது முத்தல், இது இளசு, இது அழுகல்' என்று உடைக்காமலே சொல்வாள். எண்ணெய்க் கம்பெனிகள் செய்வதும் அதேதான். பூமியைச் சுண்டிக் கேட்கிறார்கள். அதற்கு 'சீஸ்மிக் சர்வே' என்று பெயர் வைத்து, கோடிக் கணக்கில் பில் போடுகிறார்கள்.

எதற்காகச் சுண்டுகிறார்கள், அதில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதுதான் இந்தக் கட்டுரை. முக்கியமாக, என்ன தெரியாது என்பது.

*

முதலில் ஆம்பூர் ஏன் அவுட் என்று பார்த்துவிடலாம்.

நம் ஊரில் போர் போட்டவர்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரம் மண், அப்புறம் பாறை, அப்புறமும் பாறை, அதற்கப்புறம் கடன். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் எல்லாமே சுமார் 250 கோடி வருஷப் பழைய கெட்டிப் பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. நெருப்பிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய பாறை. எண்ணெய் என்பதோ, செத்துப்போன நுண்ணுயிர்களின் சொத்து. கடலிலும் ஏரியிலும் மிதந்த பாசி மாதிரியான கோடானுகோடி ஜீவன்கள் செத்து, சேற்றோடு சேர்ந்து அடியில் படிந்து, அதன்மேல் இன்னும் சேறு படிந்து, அது பாறையாகி... அப்படிப் பட்டை பட்டையாகப் படிந்த படிவுப் பாறையில்தான் எண்ணெய்க்கு வேலை. நம் பாறை உருவான காலத்தில் அந்த மாதிரி சேற்றுக்கும் சாவுக்கும் இங்கே சான்ஸ் இல்லை.

ஆம்பூர்க்காரனுக்கு இதைச் சொல்ல ஒரு சுலபமான வழி இருக்கிறது. தம் பிரியாணி.

அரிசியும் கறியும் இருந்தால் மட்டும் பிரியாணி ஆகிவிடாது. சரியான சூடு வேண்டும். சரியான நேரம் வேண்டும். மேலே மூடி போட்டு ஆவி போகாமல் அடைக்க வேண்டும். எண்ணெய்க்கும் அதே ரெஸிப்பிதான். உயிர்ச் சத்து நிறைந்த களிமண் பாறை வேண்டும். அது ஆழத்தில் புதைந்து சுமார் 60 முதல் 120 டிகிரி வரை சூடாக வேண்டும். சூடு குறைந்தால் வேகாது. ரொம்ப அதிகமானால் எண்ணெய் போய் வெறும் கேஸ்தான் மிஞ்சும். வெந்த எண்ணெய் கசிந்து மேலே ஏறும்போது தங்குவதற்குத் துளைகள் உள்ள மணற்பாறை வேண்டும். அதற்கு மேல், ஒழுக விடாத ஒரு மூடிப் பாறை வேண்டும். அந்த மூடியும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைந்தோ, பிளவில் முட்டி அடைத்தோ இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் எண்ணெய் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். இத்தனையும் ஒரே இடத்தில், சரியான வரிசையில் நடக்க வேண்டும். தமிழ்நாட்டு மாப்பிள்ளைக்கு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதே தேவலை.

இன்னொன்று. பூமிக்குள் எண்ணெய் ஏரி மாதிரி தளும்பிக்கொண்டிருக்கும் என்று சினிமா பார்த்து நினைத்திருப்போம். அப்படி இல்லை. ஈர மணலில் தண்ணீர் இருக்கிற மாதிரி, பாறையின் பொடித் துளைகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் எடுத்தால் வெறும் கல் மாதிரிதான் இருக்கும்.

நம் பாலாறே கிழக்கே போய் காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் படிவுப் பாறைப் பகுதிக்குள் நுழைகிறது. அங்கிருந்து தெற்கே, புதுச்சேரியிலிருந்து டெல்டா வழியாக ராமநாதபுரம் வரை, கடலுக்குள்ளும் நீண்டு கிடப்பதுதான் காவிரிப் படுகை. அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

*

பதிமூன்று, பதினான்கு கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்தன. பாகப் பிரிவினை நடந்தது. பிரிகிற இடத்தில் நிலம் கிழிந்து, நீளநீளமான பள்ளங்கள் விழுந்தன. பள்ளத்தில் ஆறு வந்தது, அப்புறம் கடல் வந்தது. அந்தக் கடல் வந்ததற்கு ரசீது இன்றைக்கும் அரியலூரில் இருக்கிறது. சிமெண்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிற இடத்தில் கடல் பிராணிகளின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. 1860களிலேயே பிளான்ஃபோர்ட், ஸ்டோலிஸ்கா போன்ற ஜியாலஜிகல் சர்வேக்காரர்கள் அவற்றைப் பற்றி எழுதி வைத்துவிட்டார்கள்.

அரியலூரில் வெளியே தெரிகிற அந்தப் பாறை, கிழக்கே போகப் போக மண்ணுக்குள் முங்கிவிடுகிறது. சில இடங்களில் படிவுகளின் கனம் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல். மேலே நின்று பார்த்தால் டெல்டா கேரம் போர்டு மாதிரி தட்டையாக இருக்கிறது. கீழேயோ மலையும் பள்ளத்தாக்கும்! கும்பகோணத்துக்குக் கீழே ஒரு மேடு, காரைக்காலுக்குக் கீழே ஒரு மேடு, பட்டுக்கோட்டை - மன்னார்குடிக்குக் கீழே ஒரு மேடு. நடுநடுவே தஞ்சாவூர்ப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம். கும்பகோணத்தில் டிகிரி காபி குடிக்கிறவர்கள், புதைந்துபோன ஒரு மலைத்தொடரின் மேல் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இந்தப் பாறை அடுக்குகளுக்கு ஜியாலஜிஸ்டுகள் வைத்திருக்கும் பெயர்களைப் படித்தால் அரசு பஸ் ரூட் மாதிரி இருக்கும். ஆண்டிமடம், சத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், காரைக்கால், நிரவி. எல்லாம் நம் ஊர்ப் பெயர்கள். உலகத்தின் எந்த மூலையில் காவிரிப் படுகையைப் பற்றி எழுதினாலும் குடவாசல் இல்லாமல் எழுத முடியாது.

சரி, யாரும் பார்க்காத மலையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அங்கேதான் பாட்டியின் தேங்காய்.

*

வயலில் ஒரு கோடு போட்டுக் கலர்க் கொடிகள் நடுவார்கள். குறிப்பிட்ட இடங்களில் இருபது, முப்பது மீட்டர் ஆழத்துக்குச் சின்னதாக ஓட்டை போட்டு, அடியில் சில கிலோ வெடிமருந்து வைத்து மூடுவார்கள். கோடு நெடுக 'ஜியோஃபோன்' என்கிற கருவிகளை, நாற்று நடுகிற மாதிரி வரிசையாகக் குத்தி வைப்பார்கள். உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். தரை அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். நம் வீட்டு ஸ்பீக்கரைத் தலைகீழாக வேலை வாங்குகிற மாதிரி. ஊரும் ரோடும் உள்ள இடங்களில் வெடிக்குப் பதில், தரையில் தகட்டை அழுத்தி அதிர வைக்கிற பெரிய லாரிகளைக் கொண்டுவருவார்கள்.

மருந்து வெடித்ததும் அதிர்ச்சி கீழே போகும். ஒரு வகைப் பாறை முடிந்து இன்னொரு வகை தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் எதிரொலித்து மேலே வரும். மிச்சம் இன்னும் கீழே போகும். அடுத்த அடுக்கில் இன்னொரு எதிரொலி. ஆறு விநாடிக்குள் கச்சேரி முடிந்துவிடும். எந்த எதிரொலி எத்தனை விநாடியில் திரும்பியது என்பதுதான் மொத்த விஷயமும்.

கணக்கு ஆறாம் கிளாஸ் கணக்குதான். ஒரு எதிரொலி 2 விநாடியில் வந்தது என்று வையுங்கள். போக ஒரு விநாடி, வர ஒரு விநாடி. அந்தப் பாறைக்குள் அதிர்ச்சி விநாடிக்குச் சராசரியாக 3 கிலோமீட்டர் ஓடும் என்றால், அந்த அடுக்கு 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. முடிந்தது!

முடியவில்லை. வயலில் பம்ப்செட் ஓடும். ரோட்டில் டவுன் பஸ் போகும். தென்னை ஆடினால் அதன் வேர் கூட ஜியோஃபோனுக்குக் கேட்கும். கல்யாண மண்டபத்தில் பக்கத்து இலைக்காரர் ரகசியம் சொன்ன மாதிரி, இந்தச் சத்தத்துக்குள் எதிரொலியைப் பிடிக்க வேண்டும். அதற்காக ஒரே இடத்தைப் பல திசையிலிருந்து பல தடவை தட்டுவார்கள். எல்லாவற்றையும் கூட்டும்போது, தாறுமாறான சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். நிஜ எதிரொலி மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து பலமாகும். ஜியோஃபோன் இரண்டாயிரத்தில் ஒன்று என்றெல்லாம் சோம்பலாக இல்லை, விநாடிக்கு 500 தடவை கணக்கு எழுதுகிறது. ஆறு விநாடிக்கு 3,000 எண்கள். ஆயிரம் வரிசை வைத்தால் ஒரே ஒரு வெடிக்கு 30 லட்சம் எண்கள். இப்படி ஆயிரக்கணக்கான வெடிகள். நம் ஊர் ஆடிட்டர் இயர் எண்டிங்கில் மூச்சு வாங்குவதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அதனால்தான் எண்ணெயும் கம்ப்யூட்டரும் கூடப் பிறந்த மாதிரி வளர்ந்தன. முதல் உலகப் போரில் எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தவர் ஜான் கார்ச்சர் என்ற அமெரிக்கர். பீரங்கியைக் கண்டுபிடிக்கிற காது பாறையையும் கண்டுபிடிக்காதா என்று யோசித்து, 1921-ல் ஓக்லஹாமாவில் எதிரொலிச் சோதனை செய்து காட்டினார். 1930-ல் இதற்காகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அந்தக் கம்பெனிதான் 1951-ல் 'டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்' ஆனது. 1958-ல் அங்கே வேலை பார்த்த ஜாக் கில்பி ஐ.சி. சிப்பைச் செய்தார். நம் மேஜை மேல் கிடக்கும் கால்குலேட்டருக்கும் எண்ணெய் தேடிய காதுக்கும் சொந்தம் உண்டு என்று தெரிந்தபோது, எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இந்தியாவில் இந்தக் காது வாங்கித் தந்த பெரிய பரிசு பம்பாய் ஹை. 1960களின் நடுவில் ஒரு சோவியத் கப்பல் பம்பாய்க் கடலில் சீஸ்மிக் சர்வே செய்து, கடலுக்கடியில் பெரிய மேடு இருப்பதைக் காட்டியது. 1974 பிப்ரவரியில் 'சாகர் சாம்ராட்' ரிக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் வந்தது. ஆகா, இவ்வளவு சுலபமா என்று தோன்றும்.

காவிரிப் படுகையில் அவ்வளவு சுலபமாக இல்லை. ஓ.என்.ஜி.சி. ஆரம்பித்தது 1956-ல். அடுத்த சில வருஷத்திலேயே டெல்டாவில் தேட ஆரம்பித்தார்கள். 1960களில் கிணறும் தோண்டினார்கள். ஆனால் நரிமணம் பெயர் பேப்பரில் வந்தது 1980களில்தான். நடுவே சுமார் இருபது வருஷம், தட்டுவதும் தோண்டுவதும் தலையைச் சொறிவதும்! 1993-ல் நாகப்பட்டினம் பனங்குடியில் வருஷத்துக்கு 5 லட்சம் டன் சுத்திகரிக்கிற மாதிரி ஒரு ரிஃபைனரியும் வந்தது. சவுதி அரேபியாவா? இல்லை. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இன்றைக்கும் வெளியே வாங்குகிறது. டெல்டா கிணறுகளால் அந்தக் கணக்கு மாறவில்லை. என் டெஸ்பாட்ச் நண்பரிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிப்போனார். வாட்ஸ்அப் தகவல் பொய் என்றால் யாருக்கும் இப்படித்தான் ஆகிறது.

*

இப்போது, என்ன தெரியாது என்கிற விஷயத்துக்கு வருவோம்.

சீஸ்மிக் சர்வே எண்ணெயைக் காட்டாது. பாறையின் உருவத்தைத்தான் காட்டும். கவிழ்த்த கிண்ணம் இருக்கிறது என்று சொல்லும். கிண்ணத்துக்குள் பாயசமா, பச்சைத் தண்ணீரா என்று உறுதியாகச் சொல்லாது. கேஸ் இருந்தால் சில சமயம் எதிரொலி பலமாகும், அது ஒரு ஜாடை. ஜாடையை நம்பிக் கல்யாணம் பண்ண முடியாது.

உருவத்தில் கூடச் சந்தேகம் உண்டு. விநாடிக்கு 3 கிலோமீட்டர் என்று சொன்னேன் அல்லவா? அந்த வேகம் நூற்றுக்கு 5 பங்கு தப்பாக இருந்தால், 3 கிலோமீட்டர் ஆழத்தில் 150 மீட்டர் பிசகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் இன்னும் மிச்சம் இருக்கும். வேகத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளக் கிணறு தோண்ட வேண்டும். கிணறு எங்கே தோண்டுவது என்று தெரியத்தான் சர்வேயே.

1983-ல் அலாஸ்காவுக்கு வடக்கே, உறைந்த கடலில், 'மக்லக்' என்ற இடத்தில் இது நடந்தது. சர்வேயில் பிரமாதமான, பிரமாண்டமான கவிழ்த்த கிண்ணம். பல கம்பெனிகள் போட்டி போட்டு ஏலம் எடுத்தன. ஜல்லி கொட்டி ஒரு தீவே செய்து, கிணறு தோண்டினார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. கிடைத்தது உப்புத் தண்ணீர்! ஒரு காலத்தில் எண்ணெய் இருந்த அடையாளம் மட்டும் பாறையில் இருந்தது. மூடி எப்போதோ கசிந்து எண்ணெய் வேறெங்கோ போய்விட்டது. 'சரியான இடத்தில்தான் தோண்டினோம், மூன்று கோடி வருஷம் லேட்' என்கிற தோரணையில் கம்பெனி அதிகாரி ஒருவர் சொன்னார். எதிரொலி பொய் சொல்லவில்லை. கேட்டவர்கள்தான் அது சொல்லாததையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டார்கள்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், சீஸ்மிக் சர்வே என்பது எஸ்டிமேட். ஆடிட் செய்த கணக்கு இல்லை. நல்ல எஸ்டிமேட் நஷ்டத்தைக் குறைக்கும். இது இல்லாமல் கண்ணை மூடித் தோண்டினால் இன்னும் பல மடங்கு இடத்தில் பூமியைக் கொத்த வேண்டியிருக்கும். அந்த அளவில் இது நல்ல வித்தைதான். ஆனால் எஸ்டிமேட்டை வைத்து 'தங்கச் சுரங்கம்' என்று பேப்பரில் பேட்டி கொடுப்பவரைப் பார்த்தால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

எஸ்டிமேட் தப்பினால் கம்பெனிக்கு நஷ்டம். அது அவர்கள் தொழில், அவர்கள் ரிஸ்க். மேலே பயிர் வைத்திருப்பவர்?

என் மனைவியின் அண்ணனுக்குத் திருவாரூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம். பல வருஷத்துக்கு முன்னால் அவர் வயலில் ஒரு கம்பெனி சர்வே செய்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

''ஒரு நாள் காலையில போனா வரப்பு மேல சிவப்புக் கொடி நட்டிருக்கு மாப்ள. யார்றான்னு கேட்டா, பாஷை தெரியாத பசங்க. அப்புறம் ஒருத்தர் வந்து இங்கிலீஷ்ல ஒரு பேப்பர் நீட்டி, கையெழுத்துப் போடுங்க, மிதிச்ச பயிருக்குப் பணம் வரும்னார். போட்டேன். பணமும் வந்துச்சு, குறை சொல்லக் கூடாது. டம்முனு ஒரு சத்தம், காலுக்குக் கீழே லேசா ஒரு உதறல், அவ்வளவுதான். ஆனா, கீழே என்ன பார்த்தாங்க, என்ன இருந்துச்சுன்னு இன்னிவரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லலை. என் வயித்தை ஸ்கேன் பண்ணிட்டு, ரிப்போர்ட்டை மட்டும் அவங்க எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு.''

இதைவிட நன்றாக எவனும் சொல்ல முடியாது.

சில கிலோ மருந்து வெடிப்பதால் பூகம்பம் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. 2021 நவம்பர் 29 அதிகாலை நம் வேலூர்ப் பக்கம் 3.6 அளவில் நிலம் அதிர்ந்ததே, அதன் சக்திக்கு முன்னால் இது ஊசிப் பட்டாசு. ஆனால் வேறு கேள்விகள் நியாயமானவை. போட்ட ஓட்டையைச் சரியாக மூடினார்களா? வெடிக்காமல் உள்ளே தங்கிய மருந்து உண்டா? குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் விட்டார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு அடுத்து என்ன?

அந்த 'அடுத்து என்ன'வில்தான் டெல்டா கொதித்தது. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். அதே வருஷம் ஜூன் 30-ம் தேதி கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு. வயலில் எண்ணெய் பரவியது, தீயும் எரிந்தது, ஊரே ரோட்டுக்கு வந்தது. 2020 ஜனவரி 16-ம் தேதி, எண்ணெய் தேடிக் கிணறு தோண்டுவதற்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்கிற மாதிரி மத்திய அரசு விதியை மாற்றியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், கேஸ் தேடுவதும் எடுப்பதும் கூடாது. ஏற்கெனவே இருக்கும் கிணறுகள் இதில் வராது.

ஆபீஸ் கேண்டீனில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே கட்சிதான். 'வளர்ச்சியை எதிர்க்கிறாங்க, பைக்குக்கு மட்டும் பெட்ரோல் வேணுமாம்' என்று ஒரு கட்சி. 'கொடி நட்டாலே நிலம் பாலைவனம்' என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பதில் ஆம்பூரில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நமக்கு எண்ணெய் இல்லை. தோல் இருக்கிறது. தோலால் இந்த ஊர் சாப்பிட்டது. பிள்ளைகள் படித்தார்கள். என் நண்பர் பைக் வாங்கினார். யாரும் மறுக்க முடியாது. கூடவே பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் என்ன ஆனது என்பதையும் யாரும் மறுக்க முடியாது. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே செலவைக் கட்ட வேண்டும், ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிற இரண்டு விதிகளை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. இன்றைக்கு சட்டக் கல்லூரிப் பையன்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பாலாற்று பாதிப்பு வழக்கில் 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஏறக்குறைய முப்பது வருஷம்! மண்ணுக்குள் போனதை வெளியே எடுப்பது அவ்வளவு லேசில்லை.

லாபம் எழுதுகிற பேரேட்டில் அந்த நிலத்தின் நஷ்டத்தை முதல் நாளே எழுதியிருந்தால், தொழிலும் இருந்திருக்கும், தண்ணீரும் இருந்திருக்கும் என்பதுதான் நாங்கள் படித்த பாடம். டெல்டாக்காரர் கிணறு தோண்டின பிறகு அழாமல், கொடி நட்டபோதே கேட்கிறார். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர் முப்பது வருஷம் தாமதமாகக் கேட்டதை அவர் முன்னாடியே கேட்கிறார்.

சர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது தப்பே இல்லை. ஆனால் வயலில் கம்பி இழுப்பதற்கு முன்னால், ஊர்க் கூட்டத்தில் தமிழில் நாலு விஷயம் சொல்லட்டும். எதைத் தட்டுகிறோம், எவ்வளவு மருந்து, எத்தனை தூரத்தில். பிறகு கீழே என்ன தெரிந்தது. அதில் எவ்வளவு எஸ்டிமேட், எவ்வளவு நிச்சயம். கிணறு என்று வந்தால், கெட்டுப்போனால் பணம் கட்டப்போவது யார், அந்தப் பணம் இப்போது எந்த பேங்க்கில் இருக்கிறது. நான் பி.காம். என்பதால் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் அழுத்திக் கேட்பேன்.

'தட்டிக் கேட்பது' என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. முதல் அர்த்தத்துக்குக் கம்பெனியிடம் லாரியும் வெடிமருந்தும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. இரண்டாவது அர்த்தத்துக்கு என் மச்சானிடம் ஒரு வாய்தான் இருக்கிறது. போன வாரம் போன் செய்தபோது, குறுவை நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். ''பயிர் நல்லாயிருக்கு மாப்ள, விலைதான் எந்த ஸ்கேன்லயும் தெரிய மாட்டேங்குது'' என்றார்.